செர்ஸில் நைட்ரோதயோஃபீனால்: வினையை நடத்துவது பிளாட்டினமா, லேசரா?

அலைஎண் கேட்டது:

வணக்கம். 60 நானோமீட்டர் தங்கத் துகள்கள்மேல் சிறு பிளாட்டினத் திட்டுகள் வளர்த்து, அவற்றைச் சிலிக்கான் வில்லையில் படியவைத்து, மேலே 4-நைட்ரோதயோஃபீனால் ஒற்றை அடுக்கு ஏற்றியிருக்கிறேன். எத்தனாலில் 1 மில்லிமோலார் கரைசல், இரவு முழுக்க ஊறல், பிறகு எத்தனாலால் கழுவல். சோடியம் போரோஹைட்ரைடு விட்டதும் நைட்ரோ தொகுதி அமினோவாக மாறும் வேகத்தைச் செர்ஸ் (மூலக்கூறில் பட்டுச் சிதறும் லேசர் ஒளியின் ராமன் சிக்னலை உலோகப் பரப்பால் பெருக்கிப் படிக்கும் முறை) மூலம் நேரடியாக அளப்பதுதான் நோக்கம். லேசர் 633 நாமீ (நானோமீட்டர்), 100 மடங்கு உலர் ஆப்ஜெக்டிவ், என்ஏ (லென்ஸ் ஒளி திரட்டும் கோணத்தின் அளவு) 0.9, மாதிரியின்மேல் 1 மில்லிவாட், ஒரு ஸ்பெக்ட்ரத்துக்கு 10 நொடி.

போரோஹைட்ரைடு விடுவதற்கு முன்பே 1142, 1390, 1432 செ.மீ⁻¹ இடங்களில் புதுப் பீக்குகள் எழுகின்றன. 1335-இல் உள்ள நைட்ரோ பீக் சரிகிறது. 10 மில்லிமோலார் போரோஹைட்ரைடு விட்ட இரண்டு நிமிடத்துக்குள் 1335 காணாமல் போகிறது. ஆனால் மொத்த சிக்னலும் மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது. பிளாட்டினம் இல்லாத வெறும் தங்கத்திலும் கிட்டத்தட்ட இதே படம்தான்.

இந்த நிலையில் வேகமாறிலி என்று ஒன்றை எடுத்து எழுதலாமா? துகளின் எந்தப் பகுதியில் வினை நடக்கிறது என்று டெர்ஸ் (கூரிய ஊசி முனையால் சிக்னலைப் பெருக்கிப் புள்ளி புள்ளியாகப் படம் எடுக்கும் ராமன் முறை) வைத்துப் பார்க்க முடியுமா?

ஒளிச்சிதறல்:

இப்போதைக்கு எழுத வேண்டாம். நீங்கள் அளந்ததில் பெரும்பகுதி லேசர் நடத்திய வினை.

1142, 1390, 1432 மூன்றும் சேர்ந்தே வந்தால் அது 4,4'-டைமெர்காப்டோஅசோபென்சீன். அருகருகே நிற்கும் இரண்டு நைட்ரோ மூலக்கூறுகள் ஆக்சிஜனை இழந்து, நைட்ரஜன்–நைட்ரஜன் இரட்டைப் பிணைப்பால் இணைந்துகொள்கின்றன. இதே மூன்று பீக்குகள் அமினோதயோஃபீனால் ஏற்றிய மாதிரியிலும் வரும், ஏனென்றால் காற்றும் லேசரும் சேர்ந்தால் அமினோவும் ஆக்சிஜனேற்றமடைந்து அதே அசோ சேர்மமாகிறது. 1990களிலிருந்து வெகுகாலம் இவற்றை அமினோ மூலக்கூறின் சொந்தப் பீக்குகள் என்றும், உலோகத்தோடு மின்சுமை பரிமாறுவதால் எழுபவை என்றும் எழுதிவந்தார்கள். அவை லேசர் உண்டாக்கிய அசோ விளைபொருள் என்று தெளிந்தது 2010 வாக்கில்தான். அதனால் பழைய கட்டுரைகளின் பீக் அட்டவணையை அப்படியே நம்பி எடுக்காதீர்கள்.

இதில் இன்னொரு வலை இருக்கிறது. போரோஹைட்ரைடு வினையில் உண்மையாகவே அமினோ உருவாகியிருந்தாலும், பிறகு காற்றில் வைத்து வலுவான லேசரில் பார்த்தால் அசோ பீக்தான் தெரியும். ஆக, லேசர் நைட்ரோ பக்கமிருந்தும் தள்ளுகிறது, அமினோ பக்கமிருந்தும் இழுக்கிறது.

1 மில்லிவாட் சிறிய எண்ணாகத் தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: புள்ளியின் விட்டம் 1.22 × அலைநீளம் ÷ என்ஏ, அதாவது சுமார் 0.86 மைக்ரோமீட்டர். பரப்பு 0.58 சதுர மைக்ரோமீட்டர். சதுர செ.மீட்டருக்கு 1.7 லட்சம் வாட் விழுகிறது. இது துகள்களுக்கு இடையிலான இடுக்குகளில் ஒளியின் மின்புலம் பெருகுவதற்கு முந்தைய மதிப்பு.

முதலில் இரண்டு சோதனைகள் செய்யுங்கள், இரண்டும் போரோஹைட்ரைடு இல்லாமல்.

ஒன்று, ஒளி அளவுச் சோதனை. புதுப் புள்ளி ஒன்றில் 1 மில்லிவாட் × 1 நொடி. இன்னொரு புதுப் புள்ளியில் 10 மைக்ரோவாட் × 100 நொடி. இரண்டிலும் விழும் ஆற்றல் 1 மில்லிஜூல்தான். 1432-க்கும் 1335-க்கும் உள்ள விகிதம் இரண்டிலும் ஒன்றாக இருந்தால், மாற்றத்தின் அளவு விழுந்த ஃபோட்டான்களின் எண்ணிக்கையைப் பின்தொடர்கிறது. திறனை ஆப்ஜெக்டிவுக்குப் பின்னால், மாதிரி இருக்கும் இடத்தில் பவர் மீட்டர் வைத்து அளக்க வேண்டும். மென்பொருள் காட்டும் "1 சதவீதம்", "10 சதவீதம்" என்பது ஃபில்டர் சக்கரத்தின் பெயரளவு மதிப்பு. உண்மை மதிப்பு அதிலிருந்து நன்றாகவே விலகலாம்.

இரண்டு, இருட்டுச் சோதனை. குறைந்த திறனில் 1 நொடி எடுங்கள், ஷட்டரை மூடி 10 நிமிடம் விடுங்கள், அதே புள்ளியில் மறுபடி 1 நொடி. எதுவும் நகரவில்லை என்றால் இருட்டில் தானாக நடக்கும் வினை இல்லை. பிறகு போரோஹைட்ரைடோடு இதையே செய்யுங்கள். ஷட்டர் மூடியிருந்த நேரத்தில் 1335 இறங்கினால், அந்த இறக்கம் மட்டும்தான் வினையூக்கியின் கணக்கில் சேரும்.

785 நாமீக்கு மாறினால் தப்பிக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். தனித்தனித் துகள்களுக்கு அது ஓரளவு சரி. உலர்ந்து ஒட்டிக் கிடக்கும் கொத்துகளில் இணைந்த பிளாஸ்மான் (உலோக எலக்ட்ரான்கள் ஒளியோடு சேர்ந்து அதிரும் ஒத்ததிர்வு) 700–800 நாமீ வரை நீள்வதால் அங்கும் வினை நடக்கும், மெதுவாக.

கரைசல்மேசை:

லேசர் பக்கத்தை மேலே சொல்லிவிட்டார். போரோஹைட்ரைடு பக்கமும் அதே அளவுக்குச் சிக்கலானது.

மொத்த சிக்னல் மூன்றில் ஒரு பங்கானதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம்: ஃபோகஸ் நகர்ந்தது, ஹைட்ரஜன் குமிழி ஒளிப்பாதையில் வந்தது, அல்லது மூலக்கூறுகளே பரப்பை விட்டுப் போய்விட்டன. பிரிக்கும் வழி உங்கள் வில்லையிலேயே இருக்கிறது. சிலிக்கானின் 520.5 பீக்கைப் பாருங்கள். அதுவும் சேர்ந்து இறங்கியிருந்தால் ஃபோகஸ் அல்லது குமிழி. அது அப்படியே நிற்க, மூலக்கூறின் பென்சீன் வளையத்துக்குரிய 1080-உம் 1570-உம் மட்டும் இறங்கினால் மூலக்கூறு கழன்றிருக்கிறது. போரோஹைட்ரைடு தங்கத்திலிருந்து தயோல்களைப் பெயர்க்கும். ஒற்றை அடுக்கைச் சுத்தப்படுத்தவே அதைப் பயன்படுத்துகிறார்கள். 1335 மறைந்ததை மட்டும் வைத்து "வினை முடிந்தது" என்று எழுதினால், கழன்றுபோனதும் வினையாகக் கணக்காகிவிடும்.

இதற்கு உள்ளே ஒரு சாட்சி மூலக்கூறு வையுங்கள். ஊறல் கரைசலில் 5 சதவீதம் 4-மெர்காப்டோபென்சோநைட்ரைல் சேர்த்தால் 2225 செ.மீ⁻¹ பக்கம் தனியாக ஒரு பீக் நிற்கும். அந்தப் பகுதியில் நைட்ரோ, அமினோ, அசோ மூன்றின் பீக்குகளும் குறுக்கிடாது. போரோஹைட்ரைடு பொதுவாக நைட்ரைலைத் தொடுவதில்லை. ஆனால் பிளாட்டினம் இருக்கும்போது தனி மாதிரியில் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். 1335-ஐ 2225-ஆல் வகுத்து வரும் விகிதத்தைத்தான் நேரத்துக்கு எதிராக வரைய வேண்டும்.

கரைசல் தயாரிப்பு: போரோஹைட்ரைடு நடுநிலை நீரில் நிற்காது. 25 டிகிரியில், உலோகம் எதுவும் இல்லாதபோதே பிஎச் 7-இல் அரை ஆயுள் சில நொடிகள், பிஎச் 10-இல் ஏறக்குறைய ஒரு மணி நேரம், பிஎச் 12-இல் சில நாட்கள். 10 மில்லிமோலார் சோடியம் ஹைட்ராக்சைடில் கரைத்தால் பிஎச் 12 கிடைக்கும். ஐஸில் வையுங்கள், அன்றன்றைக்குத் தயாரியுங்கள். பிளாட்டினம் பட்டதும் சிதைவு வேகமாகும் என்பதால் தேக்கி வைத்த சொட்டு உதவாது. ஓட்டக் கலம் வேண்டும். அதே பிஎச் உள்ள வெறும் ஹைட்ராக்சைடு கரைசலை முதலில் ஓடவிட்டு அடிக்கோடு எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பிஎச் மாற்றத்தால் வரும் பீக் நகர்வும் வினையாகத் தெரியும்.

ஓட்டக் கலத்தில் பலர் கவனிக்காதது கலத்தின் கொள்ளளவு. 200 மைக்ரோலிட்டர் கலம், நிமிடத்துக்கு 0.5 மில்லி ஓட்டம் என்றால் ஒருமுறை நிரம்பவே 24 நொடி. உள்ளே இருப்பது முழுமையாக மாற மூன்று கொள்ளளவு, அதாவது 72 நொடி. உங்கள் வினை இரண்டு நிமிடத்தில் முடிகிறது என்றால் பாதி நேரம் பம்ப்பின் வேகத்தைத்தான் அளக்கிறீர்கள். போரோஹைட்ரைடை 1 மில்லிமோலாராகக் குறையுங்கள், ஓட்டத்தை 3 மில்லியாக ஏற்றுங்கள். ஒரு சாயக் கரைசலை ஓடவிட்டு அதன் சிக்னல் எத்தனை நொடியில் சமநிலைக்கு வருகிறது என்று முன்னதாகவே குறித்துக்கொள்ளுங்கள். ஓட்டத்தை இரட்டிப்பாக்கினால் வேகமாறிலியும் ஏறுகிறதா என்று பார்ப்பதும் கட்டாயம். ஏறினால் போரோஹைட்ரைடு பரப்பை வந்தடைவதே தடையாக இருக்கிறது.

இன்னொன்று, அந்த உலர் ஆப்ஜெக்டிவ் கலத்துக்கு ஆகாது. என்ஏ 0.9 உலர் லென்ஸின் வேலைத் தூரம் பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்கும் கீழே. கவர் கண்ணாடி, நீர் அடுக்கு இரண்டையும் தாண்டிப் போனால் ஃபோகஸ் கலங்கும். 60 மடங்கு, என்ஏ 1.0 நீர்முழுகு லென்ஸ் போடுங்கள்.

அலைஎண்:

இருவருக்கும் நன்றி. சோதனைகளின் முடிவு: 1 மில்லிவாட் × 1 நொடியும் 10 மைக்ரோவாட் × 100 நொடியும் ஏறக்குறைய ஒரே விகிதம் தருகின்றன. போரோஹைட்ரைடு இல்லாத இருட்டில் மாற்றமே இல்லை. போரோஹைட்ரைடு இருக்கும்போது ஷட்டர் மூடிய ஒரு நிமிடத்தில் 1335 நன்றாக இறங்குகிறது, பிளாட்டினம் உள்ள மாதிரியில் அதிகமாக. சிலிக்கான் பீக் நிலையாக நிற்கிறது, 1080 பாதியானது. ஆக, கழற்சி உண்மைதான்.

லேசர் வினையின் வளைவை முதல்படி வினையாகவும் இரண்டாம்படி வினையாகவும் பொருத்திப் பார்த்தேன்; இரண்டும் ஒட்டவில்லை. தொடக்கத்தில் வேகமாக விழுந்து பிறகு வால் நீள்கிறது. ஒளி அளவைத்தான் பின்தொடர்கிறது என்பதால் வெப்பம் காரணமில்லை என்று முடிவு செய்யலாமா?

ஒளிச்சிதறல்:

அந்த முடிவுக்கு இன்னும் ஆதாரம் போதாது. திறனுக்கு நேர்விகிதமாக வேகம் ஏறினால் சூடான எலக்ட்ரான் (ஒளி உலோகத்தில் கிளப்பும் அதிக ஆற்றல் எலக்ட்ரான்), வளைந்து ஏறினால் வெப்பம் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். துகளின் வெப்பநிலை திறனோடு நேர்கோட்டில் ஏறுகிறது. ஏற்றம் சிறியதாக இருந்தால், வெப்பநிலையோடு வினை வேகம் ஏறுவதைக் காட்டும் அர்ஹீனியஸ் வளைவின் சிறு துண்டும் ஏறத்தாழ நேர்கோடாகவே தெரியும். இரண்டு மூன்று மடங்கு திறன் வரம்பில் இதைப் பிரிக்கவே முடியாது. உங்கள் சோதனை நூறு மடங்கு வரம்பில் ஒத்துப்போவதால் ஃபோட்டான் பக்கம் சாய்கிறது, அவ்வளவுதான். மாதிரியை இருட்டில் 60, 80, 100 டிகிரியில் அரை மணி வைத்து, ஆறவிட்டு, குறைந்த ஒளியில் படியுங்கள். வெறும் சூட்டில் அசோ வரவில்லை என்றால் வாதம் வலுப்படும்.

ஆன்டி-ஸ்டோக்ஸ் விகிதத்தில் (லேசரைவிட அதிக ஆற்றலோடு சிதறும் ஒளிக்கும் குறைந்த ஆற்றலோடு சிதறுவதற்கும் உள்ள விகிதம்) வெப்பநிலை எடுக்க முயன்றால் கவனம். 1080 பீக்குக்கு அறை வெப்பநிலையில் போல்ட்ஸ்மான் காரணி (ஏற்கெனவே அந்த அதிர்வில் இருக்கும் மூலக்கூறுகளின் பங்கு) 0.0055 மட்டுமே, சிக்னல் மிகச் சிறியது. தவிர, 633-க்கு இரண்டு பக்கமும் பிளாஸ்மான் பெருக்கம் ஒரே அளவில் இருக்காது. திறனைக் குறைத்துக்கொண்டே போய், விகிதம் எந்த மதிப்பில் நிலைக்கிறதோ அதையே அறை வெப்பநிலைக்கான அளவுகோலாக வைத்தால்தான் மேலே உள்ள எண்களுக்குப் பொருள் உண்டு.

வளைவு பொருந்தாததற்குக் காரணம் புள்ளிக்குள்ளேயே இருக்கும் சமமின்மை. லேசர் புள்ளியின் நடுவும் ஓரமும் ஒரே செறிவு இல்லை. அதைவிடப் பெரிது இடுக்குகளின் வேறுபாடு. வெள்ளி பூசிய நானோகோளப் பரப்பில் 2008-இல் வந்த ஒரு அளவீடு: 10 லட்சம் இடங்களில் மிகச் சூடான, அதாவது சிக்னலை மிக அதிகம் பெருக்கும், 63 இடங்கள் மட்டும் மொத்த செர்ஸ் சிக்னலில் 24 சதவீதத்தைத் தருகின்றன. அந்த இடங்களில் இருக்கும் மூலக்கூறுகள்தான் முதலில் வினைபுரிகின்றன; சிக்னலில் அதிகம் தெரிபவையும் அவையே. தொடக்கச் சரிவு அந்த மூலக்கூறுகளுடையது, வால் மற்றவற்றுடையது. ஒற்றை மாறிலி அங்கே இல்லை. மேலும் அசோ உருவாக இரண்டு அண்டை மூலக்கூறுகள் வேண்டும். தயோல்கள் கந்தகத்தால் கட்டுண்டு நிற்பதால் துணை கிடைக்காமல் தனித்துப்போனவை நைட்ரோவாகவே தங்கிவிடும்.

1432-ஐ 1335-ஆல் வகுத்த விகிதத்தை மோல் விகிதமாக எடுக்காதீர்கள். அசோ சேர்மத்தின் ராமன் சிதறல் வலிமை நைட்ரோவைவிட மிக அதிகம். கொஞ்சம் உருவானாலே பெரிதாகத் தெரியும். சாட்சிப் பீக்கோடு ஒப்பிட்ட 1335-இன் இழப்பே நம்பகமானது. 1300–1600 முழுக்க அகன்ற மேடு ஒன்று எழுந்தால் மூலக்கூறு கரியாகிறது என்று பொருள். 1360, 1580 பக்கம் கார்பன் பட்டைகள் உங்கள் பீக்குகள்மேலேயே ஏறி உட்காரும். அந்தப் புள்ளிகளின் தரவை ஒதுக்கிவிடுங்கள்.

வினையூக்கி வேகத்துக்கு நான் பரிந்துரைக்கும் முறை: ஒவ்வொரு நேரப் புள்ளிக்கும் புது இடம். 2 மைக்ரோமீட்டர் இடைவெளியில் 20 புள்ளிகள் கொண்ட ஒரு வரிசை, ஒவ்வொன்றுக்கும் 10 மைக்ரோவாட் × 1 நொடி, சராசரி எடுங்கள். அடுத்த நேரத்துக்கு அடுத்த வரிசை. ஒரு புள்ளிக்கு விழுவது 10 மைக்ரோஜூல்; நீங்கள் முதலில் கொடுத்த 10 மில்லிஜூலில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு வரிசைக்கே 20 நொடிக்கு மேல் போவதால் வினையை மெதுவாக்கியே ஆக வேண்டும். கரைசல்மேசை சொன்ன 1 மில்லிமோலார் அதற்கும் உதவும்.

நுனிஊசி:

டெர்ஸ் கேள்விக்கு வருகிறேன். முடியும், ஆனா உங்க இப்போதைய மாதிரியில இல்ல. 60 நாமீ உருண்டைகள் கொத்தாக் கிடந்தா, ஊசி இல்லாமலே இடுக்குகள் கத்தும். ஊசி தர்ற சிக்னல் அதுக்குள்ள அமுங்கிடும். தட்டையான தங்கத் தகடு மேல பிளாட்டினத் தீவு, அதுமேல ஒற்றை அடுக்கு, அதுக்கு மேல வெள்ளி பூசின ஊசி. இதுதான் பிடிக்கக்கூடிய அமைப்பு.

லேசரே வினையை நடத்துற பிரச்சினைக்கு 2012-லயே டெர்ஸ்ல அழகா ஒரு வழி காட்டினாங்க. தங்க நானோதகடு மேல இதே நைட்ரோதயோஃபீனால். 633 நாமீல கண்காணிப்பு, 532 நாமீல தூண்டல். 633-ஐ நைட்ரோ அசையாத அளவுக்குக் குறைச்சு வச்சு நேரத்தொடர் எடுத்து, நடுவுல 532-ஐ அடிச்சு, திரும்ப 633-ல பார்த்தா அசோ பீக்குகள். பார்க்குற ஒளி வேற, வினை செய்யுற ஒளி வேற. உங்க 633-க்கும் அப்படி ஒரு பாதுகாப்பு வரம்பு இருக்கான்னு முதல்ல தேடுங்க: பத்து நிமிஷம் தொடர்ந்து ஒளி பட்டும் 1335 அசையாத திறன். அது கிடைக்கலேன்னா டெர்ஸ் படத்துக்கு அர்த்தமில்ல.

நடைமுறையில அதிகம் கெடுக்குறது ஊசிதான். வெள்ளி காத்துல கறுக்கும். பூசின அன்னைக்கே பயன்படுத்துங்க, மிச்சத்தை நைட்ரஜன்ல வைங்க. ஒவ்வொரு படத்துக்கும் முன்னாடி வெறும் தங்கத்து மேல ஊசியை இறக்கி ஒரு ஸ்பெக்ட்ரம் எடுங்க. அதுல 1335 தெரிஞ்சா மாதிரியிலேருந்து தயோல் ஊசிக்குத் தாவிடுச்சு. அதுக்கப்புறம் எங்க போனாலும் நைட்ரோ தெரியும், படம் முழுக்க "வினை நடக்காத இடம்" மாதிரி ஆயிடும். ஊசியைத் தூக்கிட்டு எடுத்ததையும், இறக்கி எடுத்ததையும் பக்கத்துல பக்கத்துல வைக்காம எந்த முடிவும் எழுதாதீங்க.

டேப்பிங் முறையில (ஊசி பரப்பைத் தட்டித் தட்டிப் போறது) ஊசி பெரும்பகுதி நேரம் பரப்புக்கு மேல இருக்கும், சிக்னல் விழும். தொடு முறையில சிக்னல் நல்லா வரும், ஆனா அடுக்கைச் சுரண்டும், தாவலும் அதிகம். வீச்சைக் குறைச்ச டேப்பிங்ல ஆரம்பிங்க. பிரிதிறன் 10–20 நாமீ எதிர்பார்க்கலாம். 64 × 64 படம், புள்ளிக்கு 1 நொடின்னா ஒரு மணி நேரத்துக்கும் மேல. அதுக்குள்ள வெப்ப நகர்வு பிரிதிறனைத் தின்னுடும். 16 × 16 போதும், நடு நடுவுல உயரப்படம் எடுத்து நகர்வைத் திருத்துங்க.

நீருக்குள்ள போரோஹைட்ரைடோட டெர்ஸ் வேண்டவே வேண்டாம். குமிழி ஊசியைத் தள்ளும். வினையை வெளியே பாதியில நிறுத்தி, கழுவி, உலர்த்தி, நைட்ரஜன்ல பாருங்க. காத்துல பார்த்தா மேல சொன்ன மாதிரி அமினோ அசோவாகிடும்.

அகச்சிவப்பு:

ராமனை ராமனாலேயே சரிபார்த்துக்கொண்டிருக்கிறோம். தனி சாட்சி ஒன்று வேண்டும். பரப்புப் பெருக்க ஏடிஆர் அகச்சிவப்பு (படிகத்துக்குள் பிரதிபலிக்கும் அகச்சிவப்புக் கதிரால் அதன் பரப்பில் இருப்பதைப் படிக்கும் முறை) இதற்குப் பொருத்தம்: 633 நாமீ ஃபோட்டானின் ஆற்றல் 1.96 எலக்ட்ரான்வோல்ட், 1335 செ.மீ⁻¹ அகச்சிவப்பு ஃபோட்டானுக்கு 0.17 மட்டுமே. பார்ப்பதாலேயே வினை நடக்கும் என்ற பயம் இங்கே இல்லை. ஏடிஆர் படிகத்தின் மேல் மெல்லிய தங்கப் படலம், அதன்மேல் உங்கள் பிளாட்டினம், அதே ஒற்றை அடுக்கு, அதே ஓட்டக் கலம். நைட்ரோவின் 1345, 1520 பட்டைகள் இறங்குவதைப் பின்தொடருங்கள். அமினோவின் 1620 பட்டை நீரின் 1640-க்குள் புதைந்துவிடும். அதைத் தேடி நேரம் செலவிட வேண்டாம். பரப்பு மாறுவதால் எண்கள் செர்ஸோடு அச்சாகப் பொருந்தாது. பிளாட்டினம் உள்ளதற்கும் இல்லாததற்கும் உள்ள வேக விகிதம் இரண்டு முறையிலும் ஒரே அளவில் வருகிறதா என்று பாருங்கள்.

எக்ஸ்பிஎஸ் (எக்ஸ் கதிர் வெளியேற்றும் எலக்ட்ரான்களின் ஆற்றலை அளக்கும் முறை) பார்க்கச் சொல்லி யாரேனும் கேட்பார்கள். நைட்ரோவின் நைட்ரஜன் 405–406 எலக்ட்ரான்வோல்ட், அமினோவும் அசோவும் 399–400, பிரிவு தெளிவானது. ஆனால் எக்ஸ் கதிரும் அது கிளப்பும் எலக்ட்ரான்களும் நைட்ரோ அடுக்கை அமினோவாக ஒடுக்கும். நைட்ரஜன் பகுதியை முதலில் ஸ்கேன் செய்து, முழு சர்வேயைக் கடைசிக்குத் தள்ளுங்கள். வினை எதுவும் செய்யாத மாதிரியில் அதே நேரம் கதிர்பட்ட பிறகு 405 எவ்வளவு மிஞ்சுகிறது என்ற ஒப்பீட்டையும் சேர்த்தே வெளியிடுங்கள்.

அலைஎண்:

வரிசை முறையையும் நைட்ரைல் சாட்சியையும் முதலில் செய்கிறேன், பிறகு அகச்சிவப்பு. ஒரே ஒரு சந்தேகம்: நைட்ரைல் மூலக்கூறும் நைட்ரோவும் ஒரே வேகத்தில் கழலும் என்று எடுத்துக்கொள்ளலாமா?

கரைசல்மேசை:

எடுத்துக்கொள்ளாதீர்கள், அளந்துவிடுங்கள். வெறும் தங்கத்தில், லேசரை மிகக் குறைத்து, போரோஹைட்ரைடு ஓட்டத்தில் 2225-ஐ மட்டும் நேரத்தோடு எடுங்கள். அதே மாதிரியில் 1080-இன் இறக்கத்தையும் சேர்த்து வரையுங்கள். 1080 மூன்று மூலக்கூறுகளுக்கும் பொது என்பதால் மொத்த அடுக்கின் இழப்பை ஓரளவு காட்டும். இரண்டு கோடுகளும் சேர்ந்து போனால் சாட்சி சரி. விலகினால் நைட்ரைலின் பங்கை 2 சதவீதமாகக் குறைத்துப் பாருங்கள். நைட்ரைல் மூலக்கூறுகள் கூட்டமாகத் தனித் திட்டுகளில் சேர்ந்திருந்தால்தான் பெரும்பாலும் அந்த விலகல் வரும்.